வாயில் போட ஒரு டொபி

பதுளை கடைவீதியில் பாலசுப்பிரமணியம் முதலாளியின் பலசரக்குக் கடைக்குப் போனவர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிப் போத்தலைப் பார்த்திருப்பார்கள். உள்ளே தாள் சுற்றிய மிட்டாய், பால் டொபி. விற்பதற்காக வைத்திருக்கிறார் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு.

அவருடைய ஒரே மகள் ஆர்த்திகாவுக்கு ஐந்து வயதாக இருக்கும்போது ஒரு வாடிக்கையாளர் வந்து, "முதலாளி, பருப்பு புதுசா?" என்று கேட்டார். "முந்தாநாள் இறங்கின மூட்டைங்க" என்றார் முதலாளி. சீனி மூட்டையின் மேல் காலை ஆட்டிக்கொண்டிருந்த ஆர்த்திகா, "இல்லப்பா, இது போன தீபாவளிக்கு வந்ததுப்பா. எலி கடிச்சிச்சுன்னு நீங்க கூட சாக்கு மாத்துனீங்களே" என்று அப்பாவுக்கு ஞாபகப்படுத்தினாள். வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே அடுத்த கடைக்குப் போனார். அவர் அங்கே வாங்கியதும் போன தீபாவளிப் பருப்பாகவே இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு மகள் இல்லை.

அன்றிலிருந்து கடைக்கு யார் வந்தாலும் முதலாளி முதலில் செய்கிற காரியம் போத்தலைத் திறந்து மகளின் வாயில் ஒரு டொபி போடுவது. இரண்டாவதுதான் "வாங்க, என்ன வேணும்?" பற்கள் இரண்டு சொத்தையாகிப் பிடுங்கப்பட்டன. பழக்கம் பிடுங்கப்படவில்லை.

கடையில் நட்டமாக இருந்தது பள்ளிக்கூடத்தில் ஒழுக்கமாகிவிட்டது. யார் சப்பாத்துக்குள் காலுறை போடாமல் வந்தார்கள், யார் வகுப்பைக் கூட்டும் முறை வந்ததும் ஓடி ஒளிந்தார்கள், யார் ஆய்வுகூடத்துக் கண்ணாடிக் குழாயை உடைத்துவிட்டுப் பூனை மேல் பழி போட்டார்கள் என்று ஆர்த்திகா போய்ச் சொன்னாள். கேட்டதால் சொன்னாள், கேட்காமலும் சொன்னாள். ஆசிரியர்கள் அவளுக்கு மாணவத் தலைவி என்று ஒரு சின்னத்தைக் குத்திவிட்டார்கள். இந்த உலகத்தில் வாய் நிற்காதவர்களுக்குக் கிடைக்கிற பதவிகளில் அது மிகவும் சிறியது.

அவளோடு பேச எல்லோருக்கும் பயம். பயப்படாத ஒருத்தி கம்சலா. பன்னீர்மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவள். ஆறாம் வகுப்பில் ஒரே வாங்கில் உட்கார்ந்ததிலிருந்து இருவரும் கூட்டாளிகள். இடைவேளையில் கம்சலாவின் ரொட்டியும் சம்பலும் ஆர்த்திகாவுக்கு, ஆர்த்திகாவின் இட்லி கம்சலாவுக்கு. கொடுக்கல் வாங்கலில் தனக்கு லாபம் என்று இருவருமே நினைத்தார்கள்.

"உங்கிட்ட ரகசியம் சொல்றதும், காலையில தோட்டத்துப் பெரட்டுக்கு எல்லாரும் கூடி நிக்கறப்ப மைக் வச்சு சொல்றதும் ஒண்ணுதான்டி" என்பாள் கம்சலா. அப்படிச் சொல்லிவிட்டு ரகசியத்தையும் சொல்வாள். டொபிக் கதை தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

பதினோராம் வகுப்பில் வந்தது வினை. உயரத்தின்படி இடம் மாற்றினார்கள். கம்சலா சுவரோரம் போனாள். அவளுக்கு முன்னால் சிவசக்தி. அவளும் பன்னீர்மலைதான், அடுத்த லயம். இருவரும் ஒரே பஸ், ஒரே குடை. இப்போது ஒரே சாப்பாட்டுப் பெட்டியும் ஆயிற்று. ஆர்த்திகா தன் இட்லியைத் தானே சாப்பிட்டாள். பாதி திரும்பி வந்ததைப் பார்த்து அம்மா கேட்டபோது, "சட்னி காரம்மா" என்றாள். அது அவள் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய். பொய் என்று அவளுக்கே தெரியாததால் அது கணக்கில் சேரவில்லை.

*

கணிதம் படிப்பித்தவர் சிற்றம்பலம் சேர். பருத்தித்துறைப் பக்கத்து மனிதர். இடமாற்றத்தில் மலைக்கு வந்து, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கி, அது பிய்ந்து இன்னொன்று வாங்குகிற அளவுக்கு இங்கேயே இருந்துவிட்டவர். நல்லவர். அவருடைய கணக்குகளில் மட்டும் யாழ்ப்பாணம் இருந்துகொண்டே இருந்தது. கிணற்றில் எத்தனை வாளி தண்ணீர், வேலிக்கு எத்தனை பனையோலை என்று கேட்பார். பனைமரத்தைப் படத்தில் பார்த்த பிள்ளைகள் ஓலைகளை எண்ணிக் கொடுக்கும்.

அந்த வருடம் ஏதோ கருத்தரங்கில், பிள்ளைகளின் வாழ்க்கையோடு ஒட்டிக் கேள்வி போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சேர் அதை மனதில் வாங்கிக்கொண்டார். தவணைப் பரீட்சைக்குத் தானே வினாத்தாள் தயாரித்து, பனையை வெட்டிவிட்டுத் தேயிலையை நட்டார். ஒரு பெண் தொழிலாளி ஒரு நாளைக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிறாள். ஐந்து நாட்களின் நிறுவைகள் இவை. ஒரு நாளுக்குச் சராசரி எத்தனை கிலோ? விடை இருபத்தேழு. கூட்டி ஐந்தால் பிரித்தால் வரும். சேருக்கே அந்தக் கேள்வி மிகவும் பிடித்திருந்தது.

பரீட்சையின் நடுவில் ஆர்த்திகா தற்செயலாகச் சுவர்ப்பக்கம் பார்த்தாள். கொஞ்ச நாளாக அவள் தற்செயலாக அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்சலாவின் உதடுகள் அசைந்தன. சிவசக்தி சட்டென்று திரும்பி ஏதோ சொன்னாள். பிறகு இரண்டு பேரும் குனிந்து எழுதினார்கள்.

அன்று மத்தியானமே ஆர்த்திகா ஆசிரியர் அறை வாசலில் நின்றாள்.

"சேர், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும் பிள்ளை."

"பரீட்சையில கம்சலா சிவசக்திக்கு விடை சொல்லிக் கொடுத்தா சேர்."

சேர் மூக்குக்கண்ணாடியை இறக்கினார். "நீர் கண்டனீரோ?"

"ஆமா சேர். வாய் அசைஞ்சுச்சு. சிவசக்தி திரும்பிப் பார்த்தா."

"வாய் அசையிறது பெரிய விசயமில்லைப் பிள்ளை. விடை சொன்னது உமக்குக் காதிலை கேட்டதோ?"

இந்த இடத்தில் ஒரு சின்ன நேரம் இருந்தது. வாய் அசைந்தால் சத்தம் வந்திருக்கும். சத்தம் வந்திருந்தால் அது விடையாகத்தான் இருந்திருக்கும். இரண்டு பேரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் சாப்பிடுகிறவர்கள் அல்லவா.

"கேட்டுச்சு சேர்" என்றாள் ஆர்த்திகா.

சேர் அன்று பின்னேரம் அந்த வகுப்புக் கட்டைத்தான் முதலில் பிரித்துத் திருத்தினார். நகரத்துப் பிள்ளைகள் எல்லாம் இருபத்தேழு. ஓரிருவர் கூட்டலில் தடுமாறி ஆளுக்கொரு திசையில் போயிருந்தார்கள். கம்சலா, இருபத்தொன்று. சிவசக்தி, இருபத்தொன்று. வழிமுறை ஒன்றும் இல்லை, மொட்டையாக விடை மட்டும். சரியான விடை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கலாம். பிழையான விடை இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது சேரின் அனுபவம்.

இரண்டு பேரையும் கூப்பிட்டு, "யார் யாரைப் பார்த்து எழுதினது?" என்று கேட்டார். இருபத்தொன்று எப்படி வந்தது என்று கேட்டிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். அதை அவர் கேட்கவில்லை. "நான் பார்க்கல சேர்" என்று சிவசக்தி அழுதாள். "நானும் பார்க்கல சேர்" என்று கம்சலா அழாமல் சொன்னாள். அழாமல் சொன்னது அவளுக்கு எதிரான இன்னொரு சாட்சியாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து ஆள் வர வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள்.

*

பஸ் நிலையத்தில் தூறல். பன்னீர்மலை பஸ் இன்னும் வரவில்லை. வழக்கமாக நேரே கடைக்குப் போகிற ஆர்த்திகா அன்று கம்சலாவோடு கூரைக்குக் கீழே நின்றாள். சிவசக்தி கொஞ்சம் தள்ளி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றாள்.

"வெள்ளிக்கெழம அம்மா வருவாங்களா?" என்று ஆர்த்திகா கேட்டாள்.

"வராம? ரெண்டு பேருக்கும் சேர்த்து அதுதான் வரணும். சிவசக்தி அம்மா வெளிநாட்டுல இருக்காங்கல்ல. ஒரு நாள் பேர் போகும், சம்பளம் கெடைக்காது, அது பரவால்ல." கம்சலா குடைக் கம்பியை நிமிர்த்திக்கொண்டிருந்தாள். "பெரியம்மா கொழும்புல ஒரு துணிக்கடையில எனக்கு வேலைக்குச் சொல்லி வச்சிருக்கு. போன வருஷத்துல இருந்தே கூப்பிடுது. புள்ள ஓ.எல் எழுதட்டும்னு எங்கம்மாதான் மல்லுக்கட்டிக்கிட்டு இருந்துச்சு. நேத்து ஃபோன் வந்தோன்ன ஒண்ணும் பேசல. ரொட்டி சுட்டுக்கிட்டே, 'களவு செய்யறதுக்கு எதுக்கு பஸ் ஏறிப் போகணும்'னு மட்டும் சொன்னிச்சு. அப்புறம் பெரியம்மாவுக்கு ஃபோன் எடுத்திருச்சு."

"நீ… செய்யலதானே?"

"நீயுமா கேக்குற? ரெண்டு தாள்லயும் இருபத்தொண்ணுன்னு சேரும் இதத்தான் கேட்டாரு."

ஆர்த்திகா தரையைப் பார்த்தாள்.

"யாரோ சேர்கிட்ட போய்ச் சொல்லியிருக்காங்கடி. காதால கேட்டேன்னு வேற சொன்னாங்களாம். யாருன்னு தெரிஞ்சா…"

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன, அடிக்கவா போறேன். ஏன்னு கேப்பேன். அவ்வளவுதான்." கம்பி நிமிர்ந்துவிட்டது. கம்சலா சிரித்தாள். "உனக்குத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் சொல்லியிருப்ப. உனக்குத்தான் வாய் நிக்காதே."

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறிப் போனார்கள். ஆர்த்திகா டொபி எதுவும் இல்லாமலேயே வாய் அடைத்து நின்றாள்.

*

வியாழக்கிழமை கடைக்கு வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு வந்தது. கொண்டு வந்தவர் மாரிசாமி, பழைய ஆள். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தராசில் ஏற்ற, முதலாளி எடையைச் சொல்ல, ஆர்த்திகா கைபேசியில் தட்டிக் கூட்டிக்கொண்டு வருவாள். வருடக்கணக்காக நடக்கிற வேலை. அவள் கையே தானாகச் செய்யும்.

"அம்பத்திரெண்டு" என்றார் முதலாளி. "அம்பது போட்டுக்க."

அவள் ஐம்பது போட்டாள்.

"அம்பத்தி நாலு. அம்பத்தி ரெண்டு போட்டுக்க."

விரல் நின்றுவிட்டது.

"என்னம்மா, ஃபோன்ல சார்ஜ் இல்லையா?"

"ஏம்பா ரெண்டு கொறைக்கிறோம்?"

"சாக்குக்கும்மா. எப்பவும் கழிக்கிறதுதானே."

"வெறும் சாக்கு எவ்வளவுப்பா இருக்கும்?"

முதலாளி மாரிசாமியைப் பார்த்தார். மாரிசாமி மிகுந்த மரியாதையோடு லொறியின் சக்கரத்தைப் பார்த்தார்.

"அரைக் கிலோ வரும்" என்றார் முதலாளி. "மண்ணும் இருக்குல்ல."

"மண்ணு ஒன்றரைக் கிலோ இருக்குமாப்பா?"

முதலாளியின் கை பழக்க தோஷத்தில் டொபிப் போத்தலைத் தேடிப் போயிற்று. ஆனால் அவள் அப்பாவை விட்டுவிட்டு மாரிசாமியிடம் திரும்பிவிட்டாள். "மாமா, கொழுந்து நிறுக்கறப்பவும் இப்படிக் கழிப்பாங்களா?"

"கழிக்காம?" மாரிசாமிக்குச் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்க ஒரு வழி கிடைத்துவிட்டது. "எங்க வீட்டுக்காரி தோட்டத்து வேலைக்குத்தாம்மா போகுது. நிறுவைக்கு நிறுவை ரெண்டு கிலோ போயிரும். சாக்குக்கு, தண்ணிக்கு."

"வெயில் நாள்லயும் தண்ணிக்கா?"

"வெயில் நாள்ல ரெண்டு. மழையின்னா நெறுக்கிற ஐயா மனசப் பொறுத்து."

"அப்ப ஒரு நாளைக்கு மூணு நிறுவைன்னா…"

"ஆறு. பச்சப் புள்ளைக்கும் தெரியும். எங்க வீட்டுச் சின்னது, அம்மா கொழுந்து இத்தனை கிலோன்னு சொல்ல வாய் தொறக்கும்போதே கழிச்சிட்டுத்தான் சொல்லும்."

இருபத்தேழில் ஆறு போனால் இருபத்தொன்று. ஆர்த்திகா கைபேசியில் தட்டிப் பார்க்கவில்லை.

அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம். கம்சலா களவு செய்யவில்லை. சிவசக்தியும் செய்யவில்லை. இரண்டு பேருக்கும் கொழுந்து என்று கேட்டதும் கை தானாகக் கழித்திருக்கிறது, இவள் கை கிழங்கு என்றதும் கழிக்கிற மாதிரி. இரண்டாவதாக, வருடக்கணக்கில் கைபேசிக்குள் போகாமல் நின்ற கிழங்கெல்லாம் ஞாபகம் வந்தது. இதை எந்த ஆசிரியர் அறை வாசலில் போய்ச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் பரீட்சையில் பார்த்து எழுதினால் சொல்வதற்கு மாணவத் தலைவி இருக்கிறாள். பெரியவர்கள் நிறுவையில் கழித்தால் அதற்குப் பெயர் வழக்கம்.

"அம்பத்தி நாலுன்னே போடுறேன்பா" என்றாள்.

முதலாளி எதுவோ சொல்ல வாயெடுத்தார். டொபிப் போத்தலைத் திறந்து ஒன்றை எடுத்துத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

மூன்றாவதாக வந்த நினைப்புத்தான் அவளைச் சாப்பிடவிடாமல் செய்தது. நாளைக்குப் போய் இருபத்தொன்றின் கணக்கைச் சொன்னால் போதும். கம்சலா தப்பிவிடுவாள். கோள் சொன்னது யாரென்று யாருக்கும் தெரியத் தேவையில்லை. கண்டுபிடித்துக் காப்பாற்றியவள் ஆர்த்திகா என்றுதான் இருக்கும். திங்கட்கிழமை ரொட்டியும் சம்பலும் மறுபடி கிடைக்கலாம். சம்பலின் ருசி நாக்குக்கு வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது.

*

வெள்ளிக்கிழமை கம்சலாவின் அம்மா பூவம்மா வந்திருந்தார். கோயில் திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார். உட்காரச் சொன்ன கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழுந்துவிடத் தயாராக இருந்தார். அவருக்கு ஒரு பக்கம் கம்சலா, மறுபக்கம் சிவசக்தி. சிற்றம்பலம் சேரின் முன்னால் இரண்டு விடைத்தாள்கள்.

"அம்மா, நான் இதைப் பெரிசாக்க விரும்பேல்லை. ஆனால் பிள்ளையள் உண்மையைச் சொல்ல வேணும்."

"எம்புள்ள அப்படிப்பட்டது இல்லீங்க சேர்" என்றார் பூவம்மா. "அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். செஞ்சிருந்தா சொல்லிருங்க, நான் கூட்டிட்டுப் போயிடுறேன். அங்கிட்டு ஒரு வேலை பார்த்து வச்சிருக்கு."

அப்போதுதான் வாசலில் ஆர்த்திகா வந்து நின்றாள். அனுமதி கேட்க மறந்துவிட்டாள். "சேர், அந்த இருபத்தொண்ணு எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

சொன்னாள். நிறுவைக்கு இரண்டு, மூன்று நிறுவைக்கு ஆறு. மூச்சு விடாமல், கையை ஆட்டிச் சொன்னாள். சேர் விடைத்தாளைப் பார்த்தார். கம்சலாவைப் பார்த்தார்.

"உண்மையோ பிள்ளை? கழிச்சனீரோ?"

"ஆமா சேர்."

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"யாரைப் பார்த்து எழுதினன்னுதானே சேர் கேட்டீங்க."

சேர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். "ஆனால் வினாவிலை கழிக்கச் சொல்லியில்லையே, அம்மா."

"சொல்லிட்டுங்களா சேர் கழிக்கிறாங்க?" என்றார் பூவம்மா, தன் மேல் ஏதோ தப்பு இருப்பதுபோல.

சேர் நியாயமான மனிதர். ஒரு கருத்தை நம்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறவர். அலுமாரியைத் திறந்து அடுத்த வகுப்பின் கட்டை எடுத்தார். அது இன்னும் திருத்தப்படவில்லை. கட்டை அவிழ்த்து, தோட்டத்துப் பிள்ளைகளின் தாள்களாகத் தேடிப் புரட்டினார். இருபத்தொன்று. இருபத்தொன்று. இருபத்தேழு என்று எழுதி வெட்டி இருபத்தொன்று. பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்றால் அந்தக் களவு இரண்டு சுவரையும் ஒரு நடையையும் தாண்டிப் போயிருக்க வேண்டும். ஜனுஷன் என்கிற ஒரு பையன் விடையை எழுதாமல் விட்டு, கீழே தெளிவான கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: 'இவற்றில் மழை நாட்கள் எவை என்று தரப்படவில்லை.'

சேர் அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரின் விளிம்பில் துடைத்தார். பிறகு பரீட்சைகளில் உண்மை தலைகாட்டினால் வழக்கமாக என்ன செய்யப்படுமோ அதைச் செய்தார். அந்த வினாவையே நீக்கிவிட்டதாக அறிவித்தார்.

இதோடு முடிந்திருக்கும். ஆர்த்திகா வாசலை நோக்கி ஒரு அடி கூட வைத்துவிட்டாள்.

"பொறும் பிள்ளை" என்றார் சேர். யோசனையோடுதான் கேட்டார், குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. "அப்ப நீர் காதாலை கேட்டதெண்டு சொன்னது?"

கம்சலா மெதுவாகத் திரும்பினாள்.

ஆர்த்திகா ஏதாவது சொல்லியிருக்கலாம். தப்பாகக் கேட்டிருக்கும் என்று சொன்னால் போதும், சேரே நம்பத் தயாராக இருந்தார். ஆனால் அவளுக்குச் சொல்ல வருவது உண்மை ஒன்றுதான். வேறு வகை அவளிடம் இருப்பில் இல்லை. இருந்த ஒரு பொய்யையும் அன்றைக்கே செலவழித்துவிட்டாள்.

"கேக்கல சேர். வாய் அசைஞ்சதைத்தான் பார்த்தேன். கேட்டேன்னு நானா சேர்த்துச் சொன்னேன்."

"இவ எப்பவும் முணுமுணுன்னு வாயாலதான் சேர் கணக்குப் பார்ப்பா" என்று சிவசக்தி இடையில் புகுந்தாள். "எனக்கு எழுதவே முடியல. வாய மூடிட்டு எழுதுடின்னு திரும்பிச் சொன்னேன். அதுக்குத்தான் இவ்வளவும்."

தெரிந்தால் ஏன் என்று கேட்பேன் என்ற கம்சலா, அதைக் கேட்கவில்லை. அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஆர்த்திகாவுக்குத் தோன்றியது.

வெளியே நடையில் பூவம்மா கைபேசியை எடுத்தார். "அக்கா, புள்ள வரல… இல்ல, இப்ப வரல. ஓ.எல் எழுதட்டும்… அதெல்லாம் ஒண்ணுமில்ல, சேர் தப்பா கேட்டுட்டாரு." வைத்துவிட்டுத் திரும்பியவர், தூணோடு ஒட்டி நின்ற ஆர்த்திகாவைப் பார்த்தார். பக்கத்தில் வந்து, கொழுந்துக் கறை போகாத விரலால் அவள் தாடையை நிமிர்த்தினார்.

"போய்ச் சொன்னதும் நீதானா, வந்து சொன்னதும் நீதானா?"

ஆர்த்திகா தலையாட்டினாள்.

"சாப்பிட்டியா?"

அதற்குத்தான் அவள் அழுதாள்.

*

சின்னத்தைக் கழற்றிக்கொண்டு போய் அதிபரிடம் நீட்டினாள். "இப்படி மனச்சாட்சி உள்ள பிள்ளைதான் இதைக் குத்திக்கொள்ள வேண்டும்" என்று சொல்லி, அவர் அதைத் திருப்பிக் குத்திவிட்டார். வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் கொட்டாவி கூட விடவில்லை. வாய் அசைந்தது என்று போய்ச் சொல்லிவிடுவாளோ என்று. இட்லி பாதி பாதியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. "சட்னி காரமாடி?" என்று அம்மா கேட்டார். "சட்னி நல்லாத்தான்மா இருக்கு" என்றாள் ஆர்த்திகா.

சம்பளத்துக்கு அடுத்த சனிக்கிழமை தோட்டத்திலிருந்து பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குவார்கள். கடையில் நிற்க இடமிருக்காது. பூவம்மா வழக்கம்போல இந்தக் கடைக்குத்தான் வந்தார். கூடவே, பையைத் தூக்கிக்கொண்டு கம்சலா.

முதலாளி மறுபக்கம் அரிசி அளந்துகொண்டிருந்தார். "பருப்பு ஒரு கிலோ" என்றார் பூவம்மா.

ஆர்த்திகா அள்ளித் தராசில் கொட்டினாள். ஒரு கிலோ வந்தது. இன்னும் ஒரு அள்ளு அள்ளிப் போட்டாள். தராசின் சிவப்பு எண்கள் கம்சலாவின் பக்கமும் தெரியும் என்பதை மறந்துவிட்டாள்.

"கூடுதலா இருக்கு" என்றாள் கம்சலா. இத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

"இருக்கட்டும்."

"ஏன்?"

ஆர்த்திகாவின் கையில் அள்ளும் கரண்டி அப்படியே நின்றது. சுற்றிலும் சனம். பூவம்மா இருக்கிறார். அப்பா காதைத் தீட்டிக்கொண்டு அரிசி அளக்கிறார். எங்கே என்ன சொல்ல வேண்டும் என்று பார்த்துப் பேசத் தெரிந்திருந்தால் அவள் ஆர்த்திகாவே இல்லை.

"நீ அவகூட சாப்பிட்ட" என்றாள். "நான் தனியா சாப்பிட்டேன். அதான்."

கம்சலா கையை நீட்டி, தராசிலிருந்து கூடுதல் பருப்பை ஒரு பிடி எடுத்துச் சாக்கில் திரும்பப் போட்டாள். எண்கள் சரியாக ஒன்றில் வந்து நின்றன.

"சரியா போடு" என்றாள். "கூடவும் வேணாம், கொறையவும் வேணாம்."

அதே கையால் கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த போத்தலைத் திறந்தாள். ஒரு டொபியை எடுத்துத் தாளைப் பிரித்து, ஆர்த்திகாவின் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"இத வாயில போட்டுக்க. இனிமே யாரைப் பத்தியாவது போய்ச் சொல்லணும்னு தோணிச்சின்னா, இது கரையிற வரைக்கும் நில்லு. கரைஞ்ச பொறகும் அது உண்மையா இருந்தா, போய்ச் சொல்லு."

ஆர்த்திகா வாயைத் திறந்தாள். டொபி உள்ளே போயிற்று.

"திங்கக்கெழம இட்லி கூடக் கொண்டா. சிவசக்தி ரொம்பத் திம்பா."

பூவம்மா இதையெல்லாம் கேட்காதவர் மாதிரி பருப்பைக் கையில் எடுத்து விரலால் நிரடிப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதலாளி, பருப்பு புதுசுதானே?"

"முந்தாநாள் இறங்கின மூட்டைம்மா" என்று அரிசிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. சொல்லிவிட்டு முதலாளி மகளைப் பார்த்தார். அவள் வாயில் டொபி இருப்பதைக் கண்டு நிம்மதியானார்.

கம்சலாவும் ஆர்த்திகாவைப் பார்த்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

ஆர்த்திகா டொபியைக் கன்னத்தின் ஒரு பக்கத்துக்குத் தள்ளினாள். பூவம்மாவின் கையிலிருந்த பருப்பை மெதுவாக வாங்கி, தராசில் இருந்ததோடு சேர்த்துத் திரும்பவும் பழைய சாக்கிலேயே கொட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க ஆன்ட்டி" என்றாள், வாய் நிறைய இனிப்போடு. "உள்ள மூட்டையில இருந்து எடுத்துட்டு வர்றேன்."